பிள்ளையைப் பற்றி நீங்க சொல்லுங்க

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே வந்து, அமரவிளையில் ஆற்றுப் பாலம் தாண்டினால் உதியன்குளங்கரை. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் பாறசாலை, அதையும் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தாலூகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் கேட்டிருந்த நெய்யாற்றின்கரைத் தாலூகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லை வந்த பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. மார்த்தாண்டத்திலும் குழித்துறையிலும் தமிழ் படித்து வளர்ந்த பெண்கள் இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து, பிள்ளைகளை மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். இங்கே எல்.பி. என்கிற அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த எனக்கு ஆண்டுதோறும் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளாவது அப்படி இருப்பார்கள். அவர்களுடைய பாடப்புத்தகத்தை அவர்கள் அம்மாவால் வாசிக்க முடியாது.

எங்கள் தலைமுறையில் டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சி படித்து வந்தவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதத் தெரியும், அட்டையில் படம் வெட்டி ஒட்டத் தெரியும், ஹாஜர் புத்தகத்தைப் பிழையில்லாமல் கூட்டத் தெரியும். ஒரு தாயிடமோ தகப்பனிடமோ அவர்கள் பிள்ளையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அது தானாக வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது வரவேயில்லை. வந்ததெல்லாம் கிளாஸ் பி.டி.ஏ. என்ற வகுப்புவாரிப் பெற்றோர் கூட்டம்.

கிளாஸ் பி.டி.ஏ. எப்படி நடக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் இரண்டரை மணிக்குப் பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் அம்மாக்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். கையெழுத்துப் போடும் புத்தகம் கைமாறும். ஹெட்மாஸ்டர் வந்து பி.டி.ஏ. வரவுசெலவு சொல்வார், சீருடை, மத்தியானக் கஞ்சி, கக்கூஸ் கதவு எல்லாம் பேசுவார். பிறகு டீச்சர் பரீட்சைத் தாள்களை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். மார்க்கைச் சத்தமாகச் சொல்லி, வீட்டில் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று முடிப்பாள். பெயர் கூப்பிடப்பட்ட அம்மா தாளை வாங்கி, மடித்து, ஜாக்கெட்டுக்குள்ளோ பைக்குள்ளோ வைத்துக்கொண்டு தலையைக் குனிவாள். நாலு மணிக்கு மணி அடித்ததும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். அடுத்த கூட்டத்துக்கு அவள் வரமாட்டாள். வராதவர்களின் பெயர்களைப் பார்த்து ஆசிரியர் அறையில், இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்க ஆளில்லை என்று பேசிக்கொள்வார்கள்.

அப்படி வராமல் போன ஒரு தாயை ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில் பார்த்தேன். மண் சுமக்கிற வேலை முடிந்து, தலைச்சும்மாட்டுத் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னாள்: "வந்தா ஒரு நாள் கூலி போவும் டீச்சரே. வந்து இருந்தா எனக்கப் பய படிக்க மாட்டாம்னு நாலு பேரு முன்னால கேக்கணும். அதக் கேக்கியதுக்கு நான் காசும் களையணுமா?"

அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வருகைப் பட்டியலை வைத்து ஒரு குடும்பத்தின் அக்கறையை அளப்பது அன்றோடு என்னிடம் முடிந்தது. பிள்ளையின் படிப்பில் இந்தப் பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கு அக்கறையில்லை என்று யார் சொன்னாலும் நான் இன்றும் விடமாட்டேன். அதற்கு என் அனுபவம் மட்டும் காரணமில்லை. இந்த மண்ணின் சரித்திரமே வேறு கதை சொல்கிறது.

அன்றைய நெய்யாற்றின்கரைத் தாலூகாவில் ஊரூட்டம்பலம் என்றொரு ஊர். 1910-களில் புலையர் தலைவர் அய்யங்காளி, பஞ்சமி என்ற அந்தச் சாதிச் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிள்ளையைச் சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் அரசின் உத்தரவு இருந்தும் மேல்சாதிக்காரர்கள் தடுத்தார்கள். கலகம் மூண்டது, பள்ளிக்கூடத்துக்குத் தீ வைத்தார்கள். அதற்குச் சில வருஷம் முன்பே, எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று அதே புலையர் மக்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். கூலி உயர்வோடு பள்ளிச் சேர்க்கையும் கேட்டு விவசாயக் கூலிகள் பட்டினி கிடந்த ஊர்கள் இவை. ஊரூட்டம்பலம் பள்ளியில் தீயில் பாதி கருகிய ஒரு பெஞ்சைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2022-இல் அந்தப் பள்ளிக்கு அய்யங்காளியின் பெயரையும் பஞ்சமியின் பெயரையும் வைத்தார்கள். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கும்போதெல்லாம் இதை முதலில் சொல்வேன். உங்கள் முன்னால் குட்டை பெஞ்சில் இருப்பது யாருடைய பேத்தி என்று தெரிந்துகொண்டு பேசுங்கள் என்பேன்.

1990, 91-இல் கேரளம் முழுவதும் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது சாயங்காலங்களில் நானும் ஒரு வீட்டுத் திண்ணையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஓலை முடைகிற பாட்டிகள், கயிறு திரிக்கிறவர்கள், மரச்சீனி விற்கிறவர்கள் எல்லாம் வந்து உட்காருவார்கள். பேரப்பிள்ளைகளும் கூடவே வந்து அண்டிக்கொண்டு உட்காரும். ஒரே சிலேட்டில் பாட்டி ஒரு எழுத்துப் போட, பேத்தி அதற்குக் கீழே போடுவாள். பள்ளியில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை அங்கே தன் பாட்டியைத் திருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பாட்டி எழுத்தைத் தலைகீழாக எழுதினால் அவள் சிரிக்கமாட்டாள், கையைப் பிடித்துச் சுழிக்கச் சொல்லித் தருவாள். 1991 ஏப்ரல் 18-ஆம் தேதி கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். மலப்புறத்துக்காரியான சேலக்கோடன் ஆயிஷா என்ற புதிதாக எழுத்துக் கற்ற முதிய பெண்மணிதான் அறிவித்தார். அந்த இயக்கத்தைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் கிடைத்தது ஒன்றுதான்: வீட்டு ஆட்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் படிப்பு இருந்தால் பிள்ளை பேசும்.

அதற்குப் பிறகு டி.பி.இ.பி. என்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு வந்தது 1990-களின் பிற்பகுதியில். பாட்டும் விளையாட்டும் கூட்டமாக உட்கார்ந்து வேலை செய்வதும் வகுப்புக்குள் நுழைந்தன. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் வீடுகளில் பயம் பிடித்துக்கொண்டது. அகரவரிசையை வரிசையாகச் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பார்த்துத் தகப்பன்மார் பதறினார்கள். "பள்ளியில ஆட்டமும் பாட்டும்தான், எழுத்து ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, கடன் வாங்கியாவது இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றியவர்கள் பலர். புதிய முறையை ஆசிரியர்களுக்கு விளக்க எத்தனையோ நாள் பயிற்சி நடந்தது. பெற்றோருக்கு விளக்க ஒரு சாயங்காலம்கூட ஒழுங்காக ஒதுக்கப்படவில்லை. நல்ல முறையாகவே இருந்தாலும், வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லாமல் வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் அது நிலைக்காது என்று அந்த வருஷங்களில் கண்ணால் கண்டேன். அந்தக் கவலையோடுதான் பி.ஆர்.சி. என்ற வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்கு டிரெய்னராகப் போக ஒத்துக்கொண்டேன்.

விடுமுறைப் பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களிடம் நான் முதலில் செய்யச் சொன்ன வேலை இது. உங்கள் வகுப்பில் உங்களுக்கு அதிகம் கஷ்டம் தருகிற ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிள்ளையைப் பற்றிப் படிப்போடு சம்பந்தமில்லாத மூன்று காரியம் எழுதுங்கள். பேனாக்கள் வேகமாகத் தொடங்கும், பிறகு நிற்கும். அவனுடைய அப்பா குடிப்பார் என்று ஒருவர் எழுதியிருப்பார். அது பிள்ளையைப் பற்றியதல்ல, அப்பாவைப் பற்றியது என்று திருப்பிக் கொடுப்பேன். யோசித்து யோசித்து, நன்றாகச் சைக்கிள் விடுவான் என்று எழுதுவார். அதற்கு மேல் ஓடாது. பிறகு சொல்வேன், இந்த மூன்றையும் சொல்லக்கூடிய ஆள் அவன் வீட்டில் இருக்கிறார், நாம் அவரைக் கூப்பிட்டு வைத்து மார்க் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது வேலையை அவர்களுக்குப் பிடிக்காது. ஆசிரியர்களைக் குட்டை பெஞ்சில் உட்காரவைத்து, ஒருவரைப் பெற்றோராக்கி, இன்னொருவர் எல்லோர் முன்னாலும் மார்க் வாசிக்க வேண்டும். விளையாட்டுதான் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் முகம் மாறிவிடும். ஒருமுறை மூத்த டீச்சர் ஒருத்தி எழுந்து நின்று, "நாளைக்கு எனக்க மகனுக்க ஸ்கூல்ல மீட்டிங் உண்டு. போகணும்னு நெனச்சாலே நெஞ்சு அடிக்குது" என்றாள். அறையில் பலர் தலையாட்டினார்கள். ஆசிரியர்களும் பெற்றோர்தானே. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது படுவதை இந்தப் பக்கம் வந்ததும் யாரும் நினைப்பதில்லை. அந்த மூத்த டீச்சர்தான் பிறகு எனக்கு மிகவும் துணையாக இருந்தாள்.

பேசும் முறையை மூன்று வாக்கியத்துக்குச் சுருக்கிக்கொண்டோம். முதல் வாக்கியத்தில், பிள்ளை நன்றாகச் செய்ததாக நாமே கண்ணால் பார்த்த ஒன்று, எந்த நாள் எந்த வேளை என்று சொல்லும் அளவுக்குத் துல்லியமாக. சும்மா "நல்ல பிள்ளை" என்றால் எந்தத் தாயும் நம்பமாட்டாள். இரண்டாவது, "இவனைப் பற்றி நீங்க சொல்லுங்க" என்ற கேள்வி. கேட்டுவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் எங்களுக்கு மிகவும் கஷ்டம், பேசிப் பேசியே பழகிய தொழில். மூன்றாவது, வீட்டில் செய்ய ஒரு சின்ன வேலை. அதற்குக் காசு வேண்டியிருக்கக் கூடாது, எழுத்துத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் கூடாது. வீட்டில் கவனியுங்கள் என்று சொல்வது ஒன்றுமே சொல்லாததற்குச் சமம். கூலிவேலை முடிந்து ராத்திரி ஏழு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவள் எதைக் கவனிப்பாள்? மரச்சீனி வெட்டும்போது எத்தனை துண்டு, ஆளுக்கு எத்தனை வரும் என்று பிள்ளையிடம் கேளுங்கள் என்றால் அவளால் செய்ய முடியும். ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கே.எஸ்.ஆர்.டி.சி. வண்டியின் மலையாள போர்டையும் நாகர்கோவில் வண்டியின் தமிழ் போர்டையும் வாசிக்கச் சொல்லுங்கள் என்றால் அதுவும் முடியும். மலையாள போர்டைப் பிள்ளை வாசித்துச் சொல்லும், தமிழ் போர்டை அம்மா பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவாள். இரண்டு எழுத்தும் தெரிந்த பிள்ளைகள் இப்படி எத்தனை பேர் உருவானார்கள் என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை, ஆனால் உருவானார்கள்.

பீகாரிலும் ராஜஸ்தானிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இதையொட்டிய ஒரு சோதனை நடத்தியது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்குப் பிள்ளையின் படிப்பில் பங்கெடுக்க வாராவாரம் வீட்டில் செய்யும் பணித்தாள்கள் கொடுத்துப் பார்த்தார்கள், சில ஊர்களில் அவர்களுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் கணக்கில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. சிறியதுதான். ஆனால் எழுத்தறியாத தாயால் படிப்பில் ஒன்றும் செய்ய முடியாது என்ற பேச்சை முடிக்க அந்தச் சிறியது போதும்.

வீடுகளுக்குப் போக ஆரம்பித்ததும்தான் எனக்கே நிறைய தெரிந்தது. அமரவிளை, பாலராமபுரம், குளத்தூர்ப் பக்கமெல்லாம் கைத்தறிக் குடும்பங்கள் உண்டு. திருவிதாங்கூர் அரசர் பாலராம வர்மா காலத்தில் தெற்கேயிருந்து தருவிக்கப்பட்ட சாலியர் குடும்பங்களிலிருந்து பரவிய தொழில் இது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனுக்குக் கழித்தல் கணக்கு ஏறவில்லை என்று ஒரு இளம் டீச்சர் கவலைப்பட்டாள். இரண்டு பேருமாக அவன் வீட்டுக்குப் போனோம். ஓட்டு வீட்டின் முன்னறை முழுக்கக் குழித்தறி. தாத்தா குழிக்குள் காலைவிட்டு உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். கரைக்குக் கசவு போட்ட டபுள் வேட்டி பாதி வந்திருந்தது. பையன் மூலையில் ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் அவன் கை நின்றுவிட்டது.

டீச்சர் பயிற்சியில் படித்ததைச் சரியாகச் செய்தாள். போன புதன்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குத் தட்டுக் கழுவிக் கொடுத்தான் என்றாள். பிறகு, "இவனப் பற்றி நீங்க சொல்லுங்க அப்பாப்பா" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். கிழவர் கொஞ்ச நேரம் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "நூலு அறுந்தா எனக்குத் தெரியியதுக்கு முன்னால இவனுக்குத் தெரியும். சத்தம் வச்சே சொல்லுவான்" என்றார். அப்புறம் நிறுத்தவில்லை. ஒரு வேட்டிக்கு எத்தனை தார் வேண்டும், எத்தனை தீர்ந்தது, இன்னும் எத்தனை சுற்ற வேண்டும் என்பது இவன் வாயிலேயே இருக்குமாம். கடைக்கு நூல் வாங்கப் போனால் பாக்கிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருவானாம்.

திரும்பி நடக்கும்போது டீச்சர் பேசவேயில்லை. அடுத்த வாரம் கிழவரிடமிருந்து காலித் தார்க்குச்சிகளை ஒரு துணிப்பையில் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பத்துப் பத்தாகக் கட்டி வைத்து, ஒரு கட்டைப் பிரித்துக் கடன் வாங்குவது எப்படி என்று அந்தப் பையனையே காட்டச் சொன்னாள். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. தாளில் எழுதும் கணக்கு கைவர அவனுக்கு வெகுநாள் ஆயிற்று. ஆனால் கணக்கு வேளையில் கைதூக்கத் தொடங்கிவிட்டான். தாத்தாவும் ஒருநாள் வகுப்புக்கு வந்து, பாவு என்றால் என்ன, ஊடை என்றால் என்ன என்று காட்டிவிட்டுப் போனார். இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறித் துணியிலேயே சீருடை கொடுக்கிறார்கள். 2017-இல் அது முதலில் வந்தபோது அந்தக் கிழவரை நினைத்துக்கொண்டேன். தெற்கு மாவட்டங்களின் தறிகளில் நெய்த துணி, நெய்தவர்களின் பேரப்பிள்ளைகள் உடம்பிலேயே ஏறியது. ஒரு பள்ளிக்கூடம் குடும்பத்துக்கு இதைவிட வேறென்ன மரியாதை செய்ய முடியும்?

நாங்கள் செய்தது ஒன்றும் புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், மெக்சிகோ எல்லைப் பகுதியிலுள்ள டூசான் நகரத்துப் பள்ளி ஆசிரியர்களை லூயிஸ் மோல், நார்மா கொன்சாலஸ் முதலிய ஆய்வாளர்கள் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். கற்பிக்கப் போகவேண்டாம், கற்றுக்கொள்ளப் போங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். எல்லை தாண்டி மிட்டாய் கொண்டுவந்து விற்கிற ஒரு பையனைக் கண்டு, மிட்டாயை வைத்தே பாடம் அமைத்தாள் ஒரு ஆசிரியை. ஒரு தாய் வகுப்புக்கே வந்து மிட்டாய் செய்து காட்டினாள். அங்கேயும் எல்லையோர ஊர், இரண்டு மொழி, கூலிவேலை. படித்தபோது எங்கள் ஊரையே பார்ப்பது போல இருந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1937-இல் வர்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி இதையேதான் கேட்டது: வீட்டில் நடக்கும் கைத்தொழில் பள்ளிக்குள் வரட்டும் என்று. நெய்யாற்றின்கரைக்காரரான ஜி. ராமச்சந்திரன் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு 1947-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் தொடங்கியது அந்த நம்பிக்கையில்தான். நம் ஊர் ஆள் தமிழ்நாட்டில் போய்ச் செய்த காரியத்தை நம் ஊர்ப் பள்ளிகளுக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

மொழிச் சங்கதிக்கு வருகிறேன். பள்ளியிலிருந்து போகும் நோட்டீஸெல்லாம் மலையாளத்தில். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த அம்மாவுக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது? பிள்ளைதான். "ஒண்ணும் இல்லம்மா, நாளைக்கு லீவு" என்று சொல்லிவிட்டுப் போன பையன் ஒருவனை எனக்குத் தெரியும். உண்மையில் அதில் எழுதியிருந்தது, நாளை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று. தன்னைப் பற்றிய புகாரைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலையில் ஒரு எட்டு வயதுப் பிள்ளையை நிறுத்துவது நியாயமில்லை. நோட்டீஸின் கீழே இரண்டு வரி தமிழில் எழுதச் சொன்னேன். தமிழ் எழுதத் தெரியாத டீச்சர்மார் ஜங்ஷனில் தமிழ் தெரிந்த கடைக்காரரிடம் எழுதி வாங்கினார்கள். செல்போன் வந்த பிறகு குரல்பதிவு அனுப்பினார்கள், அது இன்னும் சுலபம். இந்தப் பக்கத்து மலையாளம் பேசிக் கேட்டால் எந்தத் தமிழ்த் தாய்க்கும் விளங்கும். எழுத்துதான் தடை.

கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் மாற்றியது அடுத்த காரியம். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் இயக்கத்தின் அயல்கூட்டங்கள் இங்கே வார்டு தோறும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டு வராந்தாவில் பாய் விரித்துக் கூடுவார்கள். சேமிப்புப் பணம் வசூலாகும், கடன் கணக்குப் பார்ப்பார்கள். அது முடிந்ததும் இருபது நிமிஷம் பள்ளிக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்டோம். டீச்சர் பாயில் அவர்களோடு உட்காருவாள், கட்டஞ்சாயா வரும். பள்ளியில் வாய் திறக்காதவர்கள் அங்கே எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். அந்தத் திண்ணை அவர்களுடையது, டீச்சர்தான் விருந்தாளி. கூலி போகவில்லை, மானமும் போகவில்லை.

ஆசிரியர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எல்.பி. பள்ளியில் ஹெட்மாஸ்டரும் வகுப்பெடுக்க வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக் கணக்கையும் அவரே பார்க்க வேண்டும். டீச்சர்மாருக்குக் கணக்கெடுப்பு, பள்ளி ஆசிரியர் குழுவான எஸ்.ஆர்.ஜி.யின் மினிட்ஸ், கலோத்ஸவம், தேர்தல் வேலை. இவ்வளவுக்கும் நடுவில் வீட்டுக்குப் போ என்றால், சொந்தப் பிள்ளையை எப்போது பார்ப்பது என்று கேட்டார்கள். அதில் தப்பேயில்லை. ஆசிரியரின் நல்ல மனசை நம்பி இந்த வேலையை நடத்த முடியாது. வாரத்தில் இரண்டு பீரியட் டைம்டேபிளிலேயே ஒதுக்க வேண்டும், வீட்டுக்குப் போவதை டியூட்டியாகக் கணக்கில் எடுக்க வேண்டும், பஸ் கூலி கொடுக்க வேண்டும். இதை நான் சொல்லாத மேடையில்லை. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளி நிர்வாகக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் அந்தக் குழுக்களை மாநிலம் முழுக்கப் புதிதாக அமைத்தார்கள். குழித்துறையில் இருக்கும் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி உறுப்பினராகி, முதல் கூட்டத்தில் பேசிய பெருமையை என்னிடம் போனில் வெகுநேரம் சொன்னாள். நல்ல சட்டம்தான். குழுவில் இருபது பேருக்கு இடமிருக்கும், மற்ற இருநூறு வீட்டுக்காரர்களிடம் பேசப்போவது வகுப்பு டீச்சர் மட்டுமே.

2020 ஜூன் 1-ஆம் தேதி கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் ஃபர்ஸ்ட் பெல் என்ற டி.வி. வகுப்புகள் தொடங்கின. கொரோனாவால் பள்ளிகளை மூடி, களியக்காவிளையில் எல்லையை அடைத்திருந்த காலம். அப்போது ஒவ்வொரு டீச்சரும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தேயாக வேண்டிய நிலை வந்தது. வீடுகளோடு முன்பே பேசிப் பழகிய டீச்சர்மாருக்கு அது இயல்பாக நடந்தது. எந்த வீட்டில் டி.வி. இல்லை, எந்த வீட்டில் ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டில் உட்காரவைக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். அந்த அறிமுகம் இல்லாத இடங்களில், யார் வகுப்புப் பார்க்கவில்லை என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆயின.

தகப்பன்மாரைப் பற்றி என்னால் பெருமையாக ஒன்றும் எழுத முடியவில்லை. கிளாஸ் பி.டி.ஏ., அயல்கூட்டம் எல்லாமே பெண்கள் தோளிலேயே ஏறின. ரப்பர் வெட்டப் போகிறவர்கள், கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள், கல்ஃபில் இருப்பவர்கள் என்று ஆளுக்கொரு காரணம் உண்டு. விடியற்காலையில் ரப்பர் வெட்டிப் பத்து மணிக்குத் திரும்பும் ஒரு தகப்பன் மட்டும், பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் கேட்டருகே நின்று டீச்சரிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார். "எப்பிடிப் படிக்கியா எனக்கப் பெண்ணு?" கையில் ரப்பர்பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அவரைப் போல இன்னும் பலரைப் பள்ளி வாசலுக்குக் கொண்டுவரும் வழி இதுவரை பிடிபடவில்லை.

இப்போது வேறொரு வேலை வந்து நிற்கிறது. இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் மேற்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் சேர்கிறார்கள். எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் ரோஷ்னி என்றொரு திட்டம் தொடங்கி, அந்தப் பிள்ளைகளின் மொழி தெரிந்தவர்களை வகுப்புக்குத் துணையாக வைத்தார்கள். இங்கே அப்படி யாருமில்லை. முன்பு தார்க்குச்சிப் பையோடு வகுப்புக்குப் போன அந்த டீச்சர் இப்போது ஒரு பள்ளியில் மூத்த ஆள். போன வாரம் கூப்பிட்டாள். இரண்டாம் வகுப்பில் சேர்ந்த வங்காளிச் சிறுமி வாயே திறக்கவில்லை, அம்மாவுக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் தெரியாது. நெடுஞ்சாலையோர ஹோட்டலில் பரோட்டா போடுகிற வங்காளி இளைஞன் மலையாளம் நன்றாகப் பேசுவானாம். மத்தியான வியாபாரம் முடிந்து நாலு மணிக்கு அவனுக்கு ஓய்வு, கூட வருகிறேன் என்றிருக்கிறான். அம்மாவிடம் முதலில் என்ன கேட்பது டீச்சரே என்றாள். வங்காளிகளுக்கு வீட்டில் கூப்பிட வேறொரு பெயர் இருக்கும், அதைக் கேள், ரெஜிஸ்டரில் இருக்கும் பெயரைக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றாமல் இருக்கலாம் என்றேன். மற்ற கேள்விகளை அவளே எழுதி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை நாலு மணிக்கு மூன்று பேருமாகப் போகிறோம்.